மேல்வீட்டுக்கு மூன்று றிங்

இது நடந்த கதை. இட்டுக்கட்டியது அல்ல. ஜெகதீஸ்வரி தன் வாயால் சொல்லக் கேட்டது. வேண்டுமானால் அவளிடமே நேரில் போய்க் கேட்கலாம், சொல்லுவாள். ஆனால் சிரித்துக்கொண்டு கேட்கக் கூடாது. சிரித்தால் அவளுக்குக் கொதி வந்துவிடும். பிறகு தேத்தண்ணியும் கிடைக்காது, கதையும் கிடைக்காது.

பேய் பிசாசு என்றதும் போர்வைக்குள் தலையை இழுக்கிற ஆள் இல்லை அவள். அவளுக்கு எதற்கும் முதலில் வருவது கோபம்தான். பயம் பிறகு ஆறுதலாக வந்து சேரும். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. அந்தக் கோபம் மட்டும் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

கதைக்கு முதல் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டைப் பைக்குள்ளும் ஒரு போன் கிடக்கிறது. தொண்ணூற்றாறாம் ஆண்டில் அந்தக் கதை இல்லை. ஒரு லைனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக் கணக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். ஒழுங்கைக்குள் ஒரு வீட்டில் போன் இருந்தால் அந்த வீட்டுக்காரர்தான் ராசா. கறுப்பு நிறத்தில், அம்மிக்குழவி மாதிரிக் கனமாய் இருக்கும். துளைக்குள் விரலை விட்டுச் சுழற்ற வேண்டும். அதற்கென்று சின்ன மேசை, மேலே போர்த்த ஒரு பின்னல் துணி. சாமிப் படத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

இன்னொரு சாமானும் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். போனுக்குப் பூட்டு. சுழற்றுகிற வட்டின் ஒரு துளையில் கொழுவிப் பூட்டிவிட்டால் வெளியே ஒருவருக்கும் எடுக்க முடியாது. வருகிற அழைப்பை மட்டும் கேட்கலாம். குடியிருக்கிறவர்கள் களவாகக் கனடாவுக்கும் சுவிசுக்கும் கதைத்து பில்லை ஏற்றிவிடுவார்கள் என்று வீட்டுக்காரருக்குப் பயம்.

ஜெகதீஸ்வரி குடியிருந்த வீடு கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரி ஐறீன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் கொட்டாஞ்சேனையில். கணவன் துறைமுகத்தில் உழைத்து இந்த வீட்டைக் கட்டிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். ஐறீன் முன்பக்கத்தில் இருந்துகொண்டு, பின்பக்கத்து இரண்டு அறைகளையும் ஜெகதீஸ்வரிக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். நடுவில் ஹோல். ஹோலில் போன் மேசை. மேசைக்குப் பின்னாலிருந்து மரப்படி ஒன்று மேலே ஏறும். படி முடிகிற இடத்தில் மேல்வீட்டுக் கதவு. அது எப்போதும் பூட்டியே கிடந்தது.

போன் விஷயத்தில் ஐறீன் ஒரு சட்டம் போட்டிருந்தாள். இரண்டு தரம் அடித்து நின்றால் அது பின்வீட்டுக்கு. மூன்று தரம் அடித்து நின்றால் மேல்வீட்டுக்கு. அதற்கு மேலும் அடித்தால் தனக்கு, தான் வந்து எடுப்பாள். அடிக்கும்போது வேறு யாரும் போனில் கை வைக்கக் கூடாது. வெளியில் இருக்கிற ஆள் தெருவோரக் கார்ட் போனில் நம்பரை அழுத்தி, மணி தன் கணக்குக்கு அடித்ததும் வைத்துவிடுவார். இங்கே எடுக்காதபடியால் அங்கே கார்டில் காசு வெட்டாது. அந்த றிங்குக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் இருக்கிறவர்களும் அவரும் முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். வந்து சேர்ந்துவிட்டேன், சுணங்கும், சோற்றைப் போட்டு மூடு, எல்லாவற்றுக்கும் அந்த மணிதான். பக்கத்துப் பாமன்கடைப் பகுதியில் ஒரு வீட்டில் நான்கு றிங் என்றால் மீன் கிடைக்கவில்லை, கத்தரிக்காயை வெட்டு என்று அர்த்தமாம். பாதி வெள்ளவத்தைக் குடும்பம் நடந்ததே அப்படித்தான்.

மேல்வீட்டுக்காரர் எங்கே என்று ஜெகதீஸ்வரி வந்த புதிதில் கேட்டாள். அவங்க போயிட்டாங்க என்றாள் ஐறீன். எங்கே என்று கேட்டதற்கும் அதே பதில்தான். கனடாவோ லண்டனோ, எல்லோரும் போகிற இடத்துக்குத்தான் போயிருப்பார்கள் என்று ஜெகதீஸ்வரி எண்ணிக்கொண்டாள். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. குளிக்கிற அறை அளவு இடத்துக்கும் ஆட்கள் முன்பணத்தோடு வந்து நின்ற காலம் அது. ஒரு பல்பு கூடுதலாக எரிந்தால் சண்டைக்கு வருகிற ஐறீன், அந்த மேல்வீட்டை ஒரு வருஷமாகச் சும்மா பூட்டி வைத்திருந்தாள்.

ஜெகதீஸ்வரியின் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா வவுனியாவில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வெள்ளிக்கிழமை ரயிலில் வருவார். கோட்டை ஸ்டேஷனில் இறங்கி இரண்டு றிங் கொடுத்துவிட்டு, கரையோர ரயிலில் ஏறி வெள்ளவத்தைக்கு வருவார். அவள் மீன் குழம்பை அடுப்பில் வைப்பாள். அவ்வளவுதான் வழமை.

அந்தத் தரம் மனுசன் ஒரு வேலை பார்த்துவிட்டது. பொலிஸ் துண்டை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டது. கொழும்பில் தமிழ் ஆட்கள் எந்த வீட்டில் தங்கினாலும் பொலிசில் பெயரைப் பதிந்து அந்தத் துண்டைக் கையோடு வைத்திருக்க வேண்டிய காலம். சேர்ட்டை மாற்றியவர் பழைய சேர்ட்டுப் பையிலேயே அதை மறந்துவிட்டார். யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டை மட்டும்தான் அவர் கையில். அதற்கு முந்திய மாதம்தான் ரயிலில் குண்டு வெடித்திருந்தது. வெள்ளவத்தை ஸ்டேஷன் வாசலில் ஆமி நின்று இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்தது. துண்டு இல்லாதவர்களை ட்ரக்கில் ஏற்றினார்கள். சிலர் மறுநாள் வந்தார்கள். சிலர் மாதக் கணக்கில் வரவில்லை. சிலரைப் பற்றி ஒரு பேச்சுமூச்சும் இல்லை.

வவுனியாவிலிருந்து வந்த ஒருவரிடம் அவர் சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோட்டையில் இறங்கியதும் றிங் கொடுப்பாராம். இரண்டு றிங் கேட்டவுடன் துண்டை எடுத்துக்கொண்டு அவள் ஸ்டேஷன் வாசலுக்கு ஓடி வர வேண்டுமாம். நேரத்தோடு போய் நிற்கலாமே என்று கேட்பீர்கள். ஸ்டேஷனடியில் சும்மா நிற்கிற தமிழ்ப் பொம்பிளையை அந்த நாட்களில் யார் விடுவார்கள்? முந்திய கிழமை பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை ஒன்று அப்படி நின்று, பொலிசில் அரை நாள் குந்தியிருந்துவிட்டு வந்தது. கோட்டையிலிருந்து ரயில் வர எடுக்கிற நேரத்துக்குள் ஓடிப்போய் நிற்பதுதான் வழி. றிங் பிந்தினால் மனுசன் தனியே ஆமிக்கு முன்னால் நிற்பார். எல்லாம் அந்த இரண்டு மணிச் சத்தத்தில்தான் தொங்கியது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஐறீன் நொவேனா செபத்துக்கென்று கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டாள். தங்கை றோஸி வீட்டில் தங்கி நாளைக்குத்தான் வருவாளாம். போகும்போது போனைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். ஜெகதீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓர் அவசரத்துக்காவது திறந்து வைத்துவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவாள் என்று வாய்க்குள் திட்டினாள். திட்டியபடியே பின்னல் துணியை எடுத்து மடித்துக் கதிரையில் வைத்தாள். துணி மூடியிருந்தால் மணி மந்தமாகக் கேட்கும் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

ஐந்தேமுக்காலுக்குக் கரண்ட் போனது. மழை இல்லாமல் குளங்கள் வற்றிய வருஷம் அது. ஒவ்வொரு நாளும் கரண்டை வெட்டினார்கள். மெழுகுதிரியைக் கொளுத்திப் போன் மேசையின் ஓரத்தில் ஒட்டினாள். துண்டைக் கைப்பைக்குள் வைத்து, பையைத் தோளில் கொழுவி, செருப்பையும் போட்டுக்கொண்டு கதிரையில் குந்தினாள். நுளம்பு காலைப் பிடுங்கியது. வேர்த்து ஒழுகியது. கரண்ட் இல்லாவிட்டாலும் போன் வேலைசெய்யும், அது ஒன்றுதான் ஆறுதல்.

ஆறு மணியாகிச் சற்று நேரத்தில் மணி அடித்தது.

ட்ர்ரிங்...

எழுந்துவிட்டாள்.

ட்ர்ரிங்...

ஒரு காலை வாசல் பக்கம் எடுத்து வைத்தாள். 

ட்ர்ரிங்...

மூன்று. நின்றுவிட்டது.

மேல்வீட்டுக்கு. ஜெகதீஸ்வரிக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. வந்து குந்தினாள். ஒரு வருஷமாக இங்கே இல்லாத ஆட்களுக்கு யார் இப்போது றிங் கொடுப்பது? கனடாவுக்குப் போகிறவர்கள் சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? இவ்வளவு நாளும் அடிக்காமல், இன்றைக்கென்றா அடிக்க வேண்டும்?

மறுபடியும் அடித்தது. மூன்று. நின்றது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம். அதுவும் மூன்று.

அப்போதுதான் அவளுக்குச் சுரீர் என்று ஒன்று உறைத்தது. யாரோ ஒரு விசரன் இப்படி மாறி மாறி எடுத்துக்கொண்டிருந்தால் லைன் எப்படிக் கிடைக்கும்? அவர் கோட்டையில் நின்று எடுத்துப் பார்த்து, லைன் இல்லை என்று விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டால்? கோதாரியில் போன போன் என்று வாய்விட்டே திட்டினாள். இவளுக்கும் வெளியே எடுக்க வழியில்லை. அந்தக் கண்டறியாத பூட்டு மெழுகுதிரி வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது.

நான்காம் தரமும் அடித்தது. இந்தத் தரம் ஒரு வித்தியாசம். மணிக்கும் மணிக்கும் இடையில் நேரம் கூடியிருந்தது. யாரோ இழுத்து இழுத்து அடிப்பது போல.

ட்ர்ரிங்.........

ட்ர்ரிங்.........

ட்ர்ரிங்.

மூன்றாவது மணி நின்ற கையோடு மேலே ஒரு சத்தம்.

கட்டில் கிறீச்சிட்டது.

எலியாக இருக்கும் என்று நினைத்தாள். எலிக்குக் கட்டில் இப்படிக் கிறீச்சிடாது என்று அடுத்த நிமிஷமே தெரிந்தது. காதைக் கொடுத்தாள். செருப்பை இழுத்து நடக்கிற சத்தம். சரக்... சரக்... சரக். கட்டிலடியிலிருந்து கதவு வரைக்கும். கதவடியில் நின்றுவிட்டது.

ஐறீன் அக்கா என்று கூப்பிட்டாள். ஐறீன் போனதைக் கண்ணால் பார்த்தவள் அவள்தானே. ஒருவேளை எனக்குத் தெரியாமல் யாருக்கோ மேல்வீட்டைக் கொடுத்திருக்கிறாளோ என்று ஓர் எண்ணம் ஓடியது. அந்த எண்ணத்தோடு கோபமும் ஏறியது. அப்படி ஆள் இருந்தால் இறங்கி வந்து தங்கள் றிங்கைத் தாங்களே பார்க்க வேண்டியதுதானே?

மெழுகுதிரி பாதி உருகியிருந்தது. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கடல் பக்கத்திலிருந்து ரயில் ஒன்று போகிற சத்தம் கேட்டது. அது தெகிவளைப் பக்கமிருந்து வருகிற ரயில், அவருடையது அல்ல. ஆனாலும் அவள் கதிரையிலிருந்து எழுந்துவிட்டாள்.

மணி அடித்தது.

ஒன்று.

மேலே செருப்புச் சத்தம்.

இரண்டு.

கதவின் கொண்டி விழுகிற சத்தம். டக்.

ஜெகதீஸ்வரி மூன்றாவது மணிக்குக் காத்திருக்கவில்லை. சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. பாய்ந்து போய்ப் போனை எடுத்தாள். றிங் கொடுத்தவனை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்ற வெறி அவளுக்கு.

முதலில் இரைச்சல்தான் கேட்டது. சனம் போகிற வருகிற இரைச்சல். தூரத்தில் ரயில் எஞ்சின். ஸ்டேஷனில் நின்று எடுப்பது போலத்தான் இருந்தது. பிறகு ஒரு பொடியனின் குரல். களைத்துப்போன குரல். மரியாதையான குரல்.

“ஹலோ... அம்மா வெளிக்கிட்டிட்டாவோ?”

அவளுக்கு உச்சியில் ஏறிவிட்டது.

“தம்பி, மேல ஒருத்தரும் இல்லை. அவையள் போய்க் கனகாலம். இனி எடுக்காதையும். எனக்கு அவசரமா ஒரு கோல் வர இருக்கு, வையும் போனை.”

அந்தப் பக்கம் இரைச்சல் நின்றுவிட்டது. ஒன்றுமே கேட்கவில்லை.

பிறகு குரல் மெதுவாகச் சொன்னது.

“இல்லை அக்கா. அம்மா இறங்கி வாறா. இழுக்கிற சத்தம் எனக்குக் கேக்குது.”

அவளுக்கும் கேட்டது.

பின்னால், படியில்.

சரக்... 

ஒரு படி. பிறகு மூச்சு. தொய்வுக்காரர் மூச்சு வாங்க முடியாமல் இழுக்கிற இழுப்பு. கர்ர்... கர்ர்...

சரக்...

இன்னொரு படி.

அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. கண் மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டிருந்தது. சுடர் அசையாமல் நின்றது.

“கொஞ்சம் கெதியா வரச் சொல்லுங்கோ அக்கா.” 

போன் கையிலிருந்து நழுவியது.

வாசலுக்குப் போவதென்றால் படியடியைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது.

தலையைக் குனிந்தாள். கைப்பையை நெஞ்சோடு பிடித்தாள்.

ஓடினாள்.

படியடியில் தைல மணம். நெஞ்சில் பூசுகிற தைலம். முகத்துக்குப் பக்கத்தில், குளிராக...

கதவு.

கேற்.

ஒழுங்கை.

கடல் பக்கம் திரும்பி ஓடினாள். இரண்டு றிங் வந்ததா வரவில்லையா என்று அவள் யோசிக்கவில்லை. போனைத் தொங்கவிட்டு வந்தபடியால் இனி அவர் எடுத்தாலும் கிடைக்காது என்பது பாதி வழியில்தான் உறைத்தது. அழுகை வந்தது. திரும்பிப் போக முடியாது. செத்தாலும் அந்த வீட்டுக்குள் இனித் தனியே போக மாட்டாள். பிடித்தால் பிடிக்கட்டும், ஸ்டேஷனிலேயே போய் நிற்கிறேன் என்று ஓடினாள்.

ஸ்டேஷன் வாசலை அவள் அடையவும் கோட்டைப் பக்கமிருந்து ரயில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அங்கும் கரண்ட் இல்லை. ஆமிக்காரர் டோர்ச் அடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். துண்டு இல்லாத பொடியன்கள் ஏற்கனவே சுவரோடு வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒருவன் அழுதுகொண்டிருந்தான். ட்ரக் பின்கதவைத் திறந்தபடி நின்றது. சனத்துக்குள் அவள் தேடினாள். வழுக்கைத் தலையும் பிறவுண் நிறப் பையுமாக ஸ்ரீஸ்கந்தராசா வந்துகொண்டிருந்தார். ஆமிக்காரன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துண்டு எங்கே என்று சிங்களத்தில் கேட்டான். அவர் வாயைத் திறக்க முன் ஜெகதீஸ்வரி கம்பிக்கு மேலால் கையை நீட்டினாள். மாத்தயா, இதோ இருக்கிறது, இவர் என் கணவர் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். ஆமிக்காரன் டோர்ச்சைத் துண்டில் அடித்து வாசித்தான். பிறகு அவள் முகத்தில் அடித்தான். அவள் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, அவன் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றான்.

“ஹரி, யன்ன.”

சரி, போ என்று விட்டுவிட்டான்.

ஒழுங்கைத் திருப்பத்துக்கு வந்ததும் மனுசன் கேட்டாரே ஒரு கேள்வி.

“நீர் எப்பிடி வந்தனீர்? நான் றிங் குடுக்கேல்லையே.”

வவுனியா ரயில் சுணங்கியதாம். கோட்டையில் இறங்கும்போதே கரையோர ரயில் வெளிக்கிட்டுக்கொண்டிருந்ததாம். அதை விட்டால் அடுத்தது வர இருட்டிவிடும் என்று ஓடிப் பாய்ந்து ஏறிவிட்டாராம். வெள்ளவத்தையில் இறங்கியபின் எங்காவது நின்று எடுக்கலாம் என்று நினைத்தாராம். ஆமிக்காரன் போன் எடுக்கவிட்டு, பார்த்துக்கொண்டு நிற்பான் என்று இவருக்கு எண்ணம். ஜெகதீஸ்வரி நடுத்தெருவில் நின்று மனுசனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். திட்டத் திட்ட அழுகை வந்தது. அழ அழ இன்னும் திட்டினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் ட்ரக் ஒன்று ஸ்டார்ட் பண்ணிப் போகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் வந்துவிட்டிருந்தது. அவள் வாசலிலேயே நின்றாள். அவர்தான் முதலில் உள்ளே போனார். மேல்வீட்டுக் கதவில் வழமையான பெரிய பூட்டுத் தொங்கியது. ஒருவரும் திறந்த மாதிரி இல்லை. மெழுகுதிரி அணைந்திருந்தது. அவள் தொங்கவிட்டுப் போன போன் அதன் இடத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. அவள் மடித்துக் கதிரையில் வைத்த பின்னல் துணி, போனுக்கு மேலே போர்த்தியிருந்தது.

நடந்ததைச் சொன்னாள். அவர் சிரித்தார். லைன் குறொஸ் ஆகியிருக்கும், எங்கேயோ கதைத்தது உமக்குக் கேட்டிருக்கும், நாளெல்லாம் பதறிக்கொண்டிருந்தபடியால் எலி ஓடினாலும் ஆள் நடக்கிற மாதிரித்தான் இருக்கும் என்று நியாயம் சொன்னார். துணியைப் பற்றிக் கேட்டதற்கு, நீர்தான் மறதியில் போர்த்தியிருப்பீர் என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்த மனுசனுக்கு எதைச் சொல்லி விளங்கப்படுத்துவது?

போன் அடித்தது.

ட்ர்ரிங்...

ட்ர்ரிங்...

நின்றது.

இரண்டு.

பின்வீட்டுக்கு. 

அந்த வீட்டு நம்பருக்கு இரண்டு றிங் கொடுக்கிற ஆள் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் அவளுக்குப் பக்கத்தில், கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு முகத்திலிருந்து போய்விட்டது.

மீண்டும் இரண்டு. நின்றது.

மீண்டும் இரண்டு.

அவர் அவளை அறைக்குள் இழுத்துக் கதவைத் தாழ்போட்டார். சமையலும் இல்லை, சாப்பாடும் இல்லை. அதற்குப் பிறகும் எத்தனை தரம் அடித்தது என்று இரண்டு பேரும் எண்ணவில்லை. விபூதியைப் பூசிக்கொண்டு தேவாரத்தை மாறி மாறி முணுமுணுத்தபடி விடிய விடிய இருந்தார்கள்.

காலையில் ஐறீன் வந்தாள். செருப்பைக் கழற்ற முன்னமே ஜெகதீஸ்வரி பிடித்துக்கொண்டாள். மேல்வீட்டில் யார் இருந்தது, என்ன நடந்தது, எங்களுக்கு மறைத்து ஏன் வாடகைக்கு விட்டீர்கள் என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினாள். வழமையாகத் திருப்பிக் கத்துகிற ஐறீன் அன்று கத்தவில்லை. கதிரையில் உட்கார்ந்தாள். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

மேலே சிவக்கொழுந்து என்று ஓர் அம்மாவும் கதிர்காமநாதன் என்ற மகனும் இருந்தார்களாம். அம்மாவுக்குத் தொய்வு. மகன் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தவன், நல்ல பிள்ளை. ஒருநாள் அவனும் துண்டை மறந்துவிட்டுக் காலையிலேயே புறக்கோட்டைப் பக்கம் போய்விட்டான். துண்டு வேண்டுமென்றால் மூன்று றிங் கொடுப்பான், அம்மா ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பா, அப்படித்தான் அவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அன்றைக்கும் கரண்ட் இல்லாத பின்னேரம். ஐறீன் இதே ஹோலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாளாம். போன் மூன்று அடித்தது. பிறகும் மூன்று. பிறகும் மூன்று. தன் சட்டத்தைத் தானே மீறக் கூடாது என்று அவள் எடுக்கவில்லை. படியில் இழுப்புச் சத்தம் கேட்டது. அம்மா இறங்குகிறாதானே என்று இருந்துவிட்டாள். செபம் முடிந்து மெழுகுதிரியோடு போய்ப் பார்த்தால், அந்த மனுசி கீழ்ப்படியில் இருந்தபடியே போய்விட்டிருந்தா. மகன் அன்றைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அது வரைக்கும் ஜெகதீஸ்வரி கோபத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் அந்தப் பொடியன்தான் ஸ்டேஷனில் நின்று இன்னும் தாயைக் கூப்பிடுகிறான் என்றாள். சொல்லும்போது குரலில் கோபம் இல்லை.

ஐறீன் தலையை ஆட்டினாள்.

“அப்படித்தான் புள்ள நானும் நெனச்சேன். ஆறு மாசம் கழிச்சு ஒரு பொடியன் வந்தான். அவனோட ஒண்ணா உள்ள இருந்தவனாம். நாதனைப் பிடிச்சது அன்னைக்குக் காலையிலயாம், புறக்கோட்டையில பஸ்ஸ விட்டு எறங்கின எடத்திலேயே. டெலிபோன் பக்கமே அவன் போகல்லயாம்.”

ஐறீன் செபமாலையை மடியில் வைத்தாள்.

“காலையில பிடிச்ச புள்ள பின்னேரம் எப்படி றிங் குடுக்கிறது? அந்த அம்மாவ எறங்கி வரச்சொல்லிக் கூப்பிட்டது யாரு?”

ஜெகதீஸ்வரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டேஷனில் துண்டு இல்லாமல் குந்தியிருந்த பொடியன்களை ஏற்றிய ட்ரக் தங்கள் பின்னால் ஸ்டார்ட் பண்ணிப் போனது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கும் அதுதான் நினைவில் ஓடியிருக்க வேண்டும்.

“ஈசு,” என்று அவளைக் கூப்பிட்டார், மிகவும் மெதுவாக. “பிடிபட்ட ஆளின்ரை றிங்கைத்தான் அது குடுக்குது. நேற்று எங்களுக்கு ரெண்டு றிங் அடிக்கேக்கை, நான் அந்த ட்ரக்கிலை இருந்திருக்க வேணும்.”